வாட்சைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது எப்படி?

விலை உயர்ந்த வெளிநாட்டு வாட்சைக் கையில் கட்டிக்கொண்டு, அது நின்றுபோன பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் முழிக்கும் கிராமத்து மாமனார்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. மாமனார் ஆகாதவர்களும் படிக்கலாம், தடையில்லை. ஆனால் அப்படிப்பட்ட வாட்சைச் சொந்தக் காசில் வாங்கினவர் எவரும் எங்கள் ரெட்டியார்சத்திரம் பக்கம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. சொந்தக் காசு கொஞ்சம் சேர்ந்தால் நாங்கள் போர் போடுவோம். தண்ணீர் வராது. அந்தக் காசு விஷயம் அத்தோடு முடிந்துவிடும்.

என்னுடையது ஸ்விட்சர்லாந்து வாட்ச். அறுபதாம் கல்யாணத்தின்போது திருக்கடையூரில் வைத்து சிங்கப்பூர் மாப்பிள்ளை கட்டிவிட்டது. கம்பெனி பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் விலை தெரிந்துவிடும், விலை தெரிந்தால் என் தம்பி பழைய பாகப்பிரிவினைப் பேச்சை மறுபடி எடுப்பான்.

முதல் வேலை, நின்ற வாட்ச் நிஜமாகவே கெட்டுவிட்டதா என்று பார்ப்பது. இந்த வகை வாட்சுக்கு பேட்டரி கிடையாது. கை ஆடுகிற ஆட்டத்தில் உள்ளே ஓர் அரைவட்டத் தகடு சுழன்று, தானாகவே சாவி ஏறிக்கொள்ளும். கழற்றி வைத்தால் நாற்பது மணி நேரம் ஓடும், புது ரகங்களில் சில எழுபது மணி நேரம்கூட ஓடும். வெள்ளிக்கிழமை ராத்திரி பீரோவில் பட்டுவேட்டிக்கு அடியில் வைத்தீர்களானால் ஞாயிறு மத்தியானம் கறிக்குழம்பு கொதிக்கிற நேரத்துக்கு நின்றுபோகும். அது நோயில்லை, பசி. ஓரத்துத் திருகை முப்பது நாற்பது சுற்றுச் சுற்றினால் எழுந்துகொள்ளும். எங்களுக்கு இது தெரியாது. முதல் தடவை நின்றபோது என் மனைவி அதைத் தாம்பாளத்தில் வைத்து, சூடம் ஏற்றி, சாமி படத்துக்கு முன்னால் மூன்று சுற்றுச் சுற்றினாள். ஓட ஆரம்பித்துவிட்டது. உள்ளே தகடு சுழன்ற கதையை இன்றுவரை நான் அவளிடம் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது?

நிற்காமல், திடீரென்று நாளுக்குப் பத்து நிமிஷம் முந்திப் போகிறதா? அநேகமாகக் காந்தம் பிடித்திருக்கும். ஸ்பீக்கர் பெட்டி மேலும், காந்தம் வைத்த செல்போன் உறை மேலும் வாட்சைக் கழற்றி வைப்பவர்களுக்கு வருகிற வியாதி இது. உள்ளே தலைமுடி கனத்தில் சுருண்டிருக்கிற ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஸ்பிரிங் நீளம் குறைந்தது மாதிரி ஆகித் துடிப்பு வேகமெடுக்கும். காந்தம் எடுக்கிற சின்னப் பெட்டி நல்ல ரிப்பேர்க்காரர் எல்லாரிடமும் இருக்கும், ஒரு நிமிஷ வேலை. இதற்காக யாராவது உங்களைச் சென்னைக்குப் போகச் சொன்னால் போகாதீர்கள்.

என்னுடையதற்கு வந்தது பசியும் இல்லை, காந்தமும் இல்லை. மே மாதம் 2-ஆம் தேதி காலையில் பார்க்கிறேன், கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிந்திருக்கிறது, மார்கழி மாதத்து பஸ் கண்ணாடி மாதிரி. சாயங்காலம் நின்றுவிட்டது. வீட்டில் உடனே அரிசி டிரம்மைத் திறந்து வாட்சை உள்ளே புதைத்துவிட்டார்கள். நனைந்த செல்போனுக்குச் சொல்லப்படுகிற வைத்தியம். அரிசிக்கும் வாட்சுக்கும் அதனால் ஒரு நன்மையும் இல்லை. ஆவி தெரிந்த அன்றைக்கே பின்மூடியைத் திறந்து காயவைத்தால் பிழைக்கும், அரிசியில் நாலு நாள் கிடந்தால் எஃகு துருப்பிடிக்கும். எனக்கு நாலு நாள் ஆயிற்று.

அடுத்தது உள்ளூர் ரிப்பேர்க்காரர் தரிசனம். அவரால் ஒன்றும் செய்ய முடியாது என்று தெரிந்தாலும் போகத்தான் வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகிறவன் குடும்ப டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவதில்லையா? நான் போனது திண்டுக்கல்லில் ஒரு பெட்டிக்கடை. ஓர் ஆள் உட்கார்ந்தால் நிறைகிற கடை. கண்ணாடி மேஜை, அதற்கடியில் மூடி போட்ட சின்னச் சின்ன டப்பாக்கள், காற்றில் பல்சக்கரம் பறக்கக்கூடாது என்று மின்விசிறி இல்லாத வெக்கை. ஒற்றைக் கண்ணில் லென்ஸை மாட்டிப் பார்த்தார். மாட்டிய வேகத்தில் கழற்றினார்.

“எங்க வாங்குனதுண்ணே?”

“மாப்பிள்ளை சிங்கப்பூர்ல வாங்குனது.”

“அப்ப அவங்ககிட்டயே குடுத்துருங்க.”

“ஏன், திறக்க முடியாதா? பூட்டுக்குப் பேர்போன ஊரு. மாங்காய்ப் பூட்டையே திறக்கிறீங்க.”

“தெறக்குறது பெரிசில்லண்ணே. மூடும்போது புது வாசர் போடணும். அந்த வாசரை அவன் வெளியாளுக்குத் தரமாட்டான். காசு குடுத்தாலும் தரமாட்டான்.”

பிறகு என் சட்டைப்பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு வாட்சைக் கேட்டு வாங்கினார். என் கல்யாணத்துக்கு மாமனார் போட்ட எச்.எம்.டி. அதையும் லென்ஸில் பார்த்தார், இந்தத் தடவை சீக்கிரம் கழற்றவில்லை. “இதுக்கு ஒரு ஓவராயில் போட்டா இன்னும் இருபது வருசம் ஓடும். கம்பெனியையே மூடிட்டாங்க, சாமான் இன்னும் கெடைக்குது. உங்க ஸ்விஸ் கம்பெனி ஜேஜேன்னு ஓடுது, ஒரு வாசர் கெடைக்கல.”

அவர் சொன்னது சரிதான். பெங்களூரில் 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனி கூட்டோடு எச்.எம்.டி. வாட்ச் செய்ய ஆரம்பித்தது. முதல் வாட்சுகளை வெளியிட்டவர் நேரு. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் என்று நாடு முழுக்க மாப்பிள்ளைகளின் மணிக்கட்டு அவர்களுடையதாக இருந்தது. மத்திய அரசு 2016-இல் அந்த வாட்ச் கம்பெனியை மூட முடிவெடுத்தது. ஆனாலும் எந்தப் பெட்டிக்கடையிலும் அதற்கு முள் இருக்கிறது, ஸ்பிரிங் இருக்கிறது, திறக்கத் தெரிந்த கை இருக்கிறது. எச்.எம்.டி.யை ஊருக்கே கட்டிக்கொடுத்துவிட்டார்கள். ஸ்விஸ் வாட்ச் பெரிய இடத்துப் பெண். தலைவலி என்றாலும் தாய்வீட்டுக்குத்தான் கூட்டிப் போகவேண்டும், இடையில் யாரும் நெற்றியில் கைவைத்துப் பார்க்கக்கூடாது. உங்கள் ரிப்பேர்க்காரர் ஆசையில் மூடியைத் திறந்துவிட்டாரானால், வெளிக்கை பட்டது என்று சொல்லி உத்தரவாதத்தைக் கிழித்துவிடுவார்கள்.

எங்கள் ஊரில் இஸ்ரேல் தொழில்நுட்பத்தில் காய்கறி நாற்று வளர்க்க அரசு மையமே இருக்கிறது. பசுமைக்குடில், சொட்டு நீர், குழித்தட்டு எல்லாம் எங்களுக்கு அத்துப்படி. ஸ்விட்சர்லாந்துக்குத்தான் இன்னும் வழி பிறக்கவில்லை.

ஆக, தாய்வீடு. முதலில் போன் செய்வீர்கள். ஹிந்திக்கு ஒன்று, ஆங்கிலத்துக்கு இரண்டு. தமிழுக்கு எண் கிடையாது, நீங்கள் பேசும் தைரியத்தைப் பொறுத்தது. பிறகு பியானோ வாசிப்பார்கள். பன்னிரண்டு நிமிஷம் வாசித்தார்கள், அதற்குள் நான் ஒரு பாத்தி களை எடுத்துவிட்டேன். கிடைத்த பெண் ரொம்ப மரியாதையான பெண். ஆனால் என் விலாசத்தை எழுதும்போது ரெட்டியாரையும் சத்திரத்தையும் பிரித்துவிட்டாள். பெயர் ரெட்டியார், ஊர் சத்திரம். அன்றிலிருந்து அந்தக் கம்பெனியில் நான் மிஸ்டர் ரெட்டியார். திருத்திப் பார்த்தேன், பெயர் மாற்றத்துக்கு ஆதார் நகல் கேட்டார்கள். ரெட்டியாராகவே இருந்துவிட்டுப் போகலாம் என்று விட்டுவிட்டேன்.

கூரியரில் அனுப்பலாமா? அனுப்பலாம். “உள்ள என்ன சார்?” என்று கேட்பார்கள். வாட்ச் என்பீர்கள். “மதிப்பு எவ்வளவு போட?” என்பார்கள். இங்கேதான் சிக்கல். உண்மை விலையைச் சொன்னால் பொழுது சாய்வதற்குள் கன்னிவாடி வரைக்கும் தெரிந்துவிடும். குறைத்துச் சொன்னால், வழியில் தொலைந்தால் குறைத்த காசுதான் வரும். என் யோசனை, நேரில் போங்கள். பாண்டியன் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடிகாலை எழும்பூர். நான் வாட்சைப் பெட்டியோடு துண்டில் சுற்றி வயிற்றில் கட்டிக்கொண்டு போனேன். பெட்டியைக் கொண்டுபோகத் தேவையே இல்லை என்று அங்கே போன பிறகுதான் சொன்னார்கள். இட்லிக் கொப்பரை அளவுக்கு இருந்த பெட்டி. உத்தரவாத அட்டைதான் முக்கியம். அதுதான் ஜாதகம். ஜாதகம் இல்லாவிட்டால் பெண்ணே வேறு என்று ஆகிவிடும்.

கிளம்பும் முன்னால் வாட்சை நாலு பக்கமும் படம் எடுங்கள். நம்பர், இருக்கிற கீறல், செயினில் எத்தனை கண்ணி எல்லாம் தெரியவேண்டும். பாலிஷ் போடாதே என்று படிவத்தில் எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் தேய்த்துப் புதுசாக்கிவிடுவார்கள், ஒவ்வொரு தேய்ப்பிலும் உலோகம் கொஞ்சம் போகும். கழற்றின பழைய பாகங்களைத் திருப்பிக் கொடுங்கள் என்றும் கேளுங்கள். கொடுக்கிற கம்பெனி உண்டு, கொடுக்காத கம்பெனியும் உண்டு. கேட்பதற்குக் காசில்லை.

போகிற வழியில் அண்ணா சாலையில் ஆட்டோவை நிறுத்தி பி. ஓர் அண்ட் சன்ஸ் கட்டடத்தின் மணிக்கூண்டை ஒரு நிமிஷம் பார்த்தேன். 1849-இல் தொடங்கிய கடை. துரைகளும் ஜமீன்தார்களும் சீமைக் கடிகாரத்தை ரிப்பேருக்குக் கொண்டுவந்து கொடுத்த இடம். அந்தக் காலத்தில் சீமைக் கடிகாரத்துக்கு சென்னையிலேயே வைத்தியம் நடந்திருக்கிறது. இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஓசூரில் டைட்டன் தொழிற்சாலை வரக் காரணம், 1984-இல் டாடாவோடு தமிழ்நாட்டு அரசின் டிட்கோ கூட்டுச் சேர்ந்ததுதான். இன்றைக்கும் அந்தக் கம்பெனியில் கால் பங்குக்கு மேல் டிட்கோவுடையது. அதாவது, வரி கட்டுகிற நானும் ஒரு வாட்ச் கம்பெனிக்காரன். இருந்தும் துண்டை வயிற்றில் கட்டிக்கொண்டு ஸ்விட்சர்லாந்தின் வாசலுக்குப் போகிறேன்.

கவுண்டரில் குளிரும். தண்ணீர் கொடுப்பார்கள், குடியுங்கள், நீங்கள் வாங்கப்போகிற அதிக விலைத் தண்ணீர் அது. வெள்ளைக் கையுறை போட்ட பையன் வாட்சை வெல்வெட் தட்டில் வைத்துத் தூக்கிப்போவான். எவ்வளவு ஆகும் என்று கேட்காதீர்கள், திறந்தால்தான் தெரியும். திறப்பது இங்கே இல்லை, மும்பையில். இங்கே இருப்பது தாய்வீடே இல்லையாம், தாய்மாமன் வீடு.

மூன்று வாரம் கழித்து அறிக்கை வந்தது. படங்களோடு, பெரிதாக்கி, அம்புக்குறி போட்டு. எட்டுப் பக்கம். என் மகளைத்தான் படித்துச் சொல்லச் சொன்னேன், போனில், மாப்பிள்ளை வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து. செயின் கண்ணிகளுக்கிடையில் அடையாளம் தெரியாத வெள்ளைத் தூள். பின்மூடி ஓரத்தில் மஞ்சள் நிறப் படிவு. திருகின் மரையிலும் வாசரிலும் பழுப்பு நிறத்தில் பிசுபிசுப்பான, சர்க்கரைத் தன்மையுள்ள அந்நியப் பொருள். அதனால் திருகு முழுசாக இறங்கவில்லை, அந்த வழியாக ஈரம் உள்ளே போயிருக்கிறது. ஈரமும் அந்நியப் பொருளும் உத்தரவாதத்தில் சேராது.

மனைவி படத்தைப் பார்த்தாள். அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டாள். வெள்ளைத் தூள் விபூதி. மஞ்சள், சந்தனம். பழுப்பு, பழனி பஞ்சாமிர்தம்.

அதன் பிறகுதான் எனக்கு எல்லாம் விளங்கிற்று. மே 1. லீவு நாள், குடும்பத்தோடு பழனி. இந்த வாட்சுக்கு எல்லா மாதமும் 31 நாள். ஏப்ரலுக்கு முப்பதுதான் என்பது அதற்குத் தெரியாது, மே 1 அன்று 31 என்று காட்டிக்கொண்டிருந்தது. வருஷத்துக்கு ஐந்து தடவை நாம்தான் திருத்தவேண்டும். அடிவாரத்தில் உட்கார்ந்து பஞ்சாமிர்தம் சாப்பிட்டுக்கொண்டே, அதே விரலால் திருகைக் கழற்றி, இழுத்து, தேதியைத் திருப்பி, மறுபடி இறுக்கினேன். இறுகியதாக நினைத்தேன். சாயங்காலம் வந்து பம்புசெட்டில் வாட்சோடு குளித்தேன். 100 மீட்டர் என்று டயலில் எழுதியிருக்கிறது என்ற தைரியம். அந்த நூறு மீட்டர், திருகு ஒழுங்காக இறுகியிருந்தால்.

எனக்குக் கோபம் வந்தது ஒரே ஒரு சொல்லில்தான். மலைவாழைப்பழம், வெல்லம், தேன், நெய், பேரீச்சை, கற்கண்டு, ஏலக்காய். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்க்காத பண்டம். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கியது, எங்கள் திண்டுக்கல் பூட்டும் அதே வருஷம் அதே மாதம் வாங்கியது. அதை அந்நியப் பொருள் என்று எழுதினால் எப்படி? பழனி சாலையில் அந்நியப் பொருள் அந்த வாட்ச்தான்.

எழுபத்து நாலாயிரம் ரூபாய் மதிப்பீடு. வாசரை மட்டும் மாற்றுங்கள் என்று கேட்கக்கூடாது. முழு சர்வீஸ், இல்லையென்றால் அப்படியே திருப்பி அனுப்புவார்கள். அந்தக் காசுக்கு ஒரு நல்ல கறவை மாடு வரும், கன்றோடு. காலை ஐந்து மணிக்குத் தவறாமல் கத்தி எழுப்பும், சாவி கொடுக்க வேண்டாம், காந்தம் பிடிக்காது. மாட்டுக்கு நோவு என்றால் கோபிநாதசுவாமி மலைக்கோயிலில் நேர்ந்துகொள்ளலாம். வாட்சுக்கு எந்த மலை ஏறுவது? மாப்பிள்ளையிடம் சொன்னால் அவரே கட்டிவிடுவார், ஆனால் சொல்ல முடியுமா? முருங்கை போட்ட காசை எடுத்துக் கட்டினேன்.

இனி காத்திருப்பு. நாலு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ காலில் இடது கையைக் கேமராவுக்குக் கீழே வைத்துப் பழகவும். மணிக்கட்டில் வெயில் படாத வெள்ளைத் தடம் இருக்கும், முழுக்கை சட்டை போடவும். “மாமா, என்ன இந்த வெயில்ல முழுக்கை?” என்று கேட்டால் கொசு என்று சொல்லவும். வாரம் ஒரு முறை கம்பெனிக்குப் போன் செய்யலாம். பாகம் வரவேண்டும், மிஸ்டர் ரெட்டியார் என்பார்கள். எங்கிருந்து என்று கேட்டால் ஸ்விட்சர்லாந்திலிருந்து என்பார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கும்.

ஒன்றை மட்டும் நியாயமாகச் சொல்லவேண்டும். அங்கே நடக்கிற வேலை, வேலைதான். கடைசித் திருகாணி வரை கழற்றுகிறார்கள். பாகங்களை அல்ட்ராசோனிக் தொட்டியில் போட்டுக் கழுவுகிறார்கள். எண்ணெயே பல வகை. வேகமாகச் சுற்றுகிற அச்சுக்கு ஒன்று, அழுத்தம் தாங்குகிற இடத்துக்குக் கெட்டியாக ஒன்று. ஊசி முனையில் எடுத்து வைக்கிற துளி கொஞ்சம் கூடினாலும் தப்பு, குறைந்தாலும் தப்பு. அச்சுகள் உட்காருவது செயற்கை மாணிக்கக் கல்லில். எல்லாம் பூட்டிய பிறகு மைக் வைத்த கருவியில் துடிப்பைக் கேட்டு நேரம் பிடிக்கிறார்கள். ஒரு நொடிக்கு எட்டுத் துடிப்பு, நாளொன்றுக்கு 6,91,200. வருஷத்துக்கு இருபத்தைந்து கோடி. இவ்வளவு துடிக்கிற ஒன்று சில வருஷத்துக்கொரு முறை எண்ணெய் கேட்பது பெரிய தப்பில்லை, நம் வீட்டு மோட்டார் அதைவிட அடிக்கடி கேட்கிறது. க்ரோனோமீட்டர் என்று சான்று வாங்க ஐந்து நிலைகளில், 8, 23, 38 டிகிரி வெப்பத்தில், பதினைந்து நாள் சோதிப்பார்களாம். நாளுக்கு நாலு நொடி பிந்தலாம், ஆறு நொடி முந்தலாம். முப்பத்தெட்டோடு நிறுத்திக்கொண்டவர்கள் எங்கள் சித்திரையைப் பார்த்ததில்லை. பஸ் ஸ்டாண்டில் விற்கிற ஐந்நூறு ரூபாய் பேட்டரி வாட்ச் மாதம் முழுக்கச் சேர்த்தே பதினைந்து நொடிதான் தவறும். இந்தக் கணக்கை மாப்பிள்ளைகள் முன்னால் போடவேண்டாம்.

தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது வாட்ச் தயார் என்று போன் வந்தது. போய் வாங்கிவந்தேன். கவுண்டரிலேயே கண்ணிகளை எண்ணிப் பார்த்தேன், சரியாக இருந்தது. நீங்களும் அங்கேயே எண்ணுங்கள், தேதியை அங்கேயே திருப்பிப் பாருங்கள். ராத்திரி ஒன்பதிலிருந்து விடிகாலை மூன்று வரைக்கும் மட்டும் தேதியைத் திருப்பாதீர்கள். தானே தேதி மாற்றப் பல்சக்கரம் கோத்துக்கொண்டு நிற்கிற நேரம் அது, பல் உடையும்.

மாப்பிள்ளை தீபாவளிக்கு வந்தார். நான் அரைக்கை சட்டையில் நின்றேன். அவர் கையில் ரப்பர் வார் போட்ட ஸ்மார்ட் வாட்ச். என் கையைப் பார்த்துவிட்டு, “என்ன மாமா, இதைப் போய் தினமும் கட்டுறீங்களா? பீரோவுல பத்திரமா வைங்க” என்றார். வைத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வைத்தால் ஞாயிறு மத்தியானம் நிற்கிறது. கையில் எச்.எம்.டி. கட்டியிருக்கிறேன், திண்டுக்கல்காரர் ஓவராயில் போட்டு நானூறு ரூபாய் வாங்கினார்.

தைப்பூசம் வருகிறது. எங்கள் ஊர் வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்களில் நல்ல வாட்ச் கட்டியவர்களும் இருப்பீர்கள். அடிவாரத்தில் பஞ்சாமிர்த டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் வாட்சைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். தேதி தப்பாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். வீட்டுக்கு வந்து, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுத் திருப்பிக்கொள்ளலாம்.